கட்டைவிரலுக்கு எத்தனை விழுக்காடு?

(தஞ்சாவூரில் மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

என் ஆய்வைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் அழைத்தீர்கள். காவிரி டெல்டாவின் விவசாயக் கூலிகளின் வரலாறுதான் என் ஆய்வு. ஆனால் கடந்த மூன்று ஆண்டுகளில் நான் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்த நேரத்தைவிட அரசு அலுவலக வராண்டாக்களில் நின்ற நேரம் அதிகம். என் பெரியம்மாவுக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை மறுக்கப்பட்டது. அதை எதிர்த்துப் போனோம். ஏட்டில் நான் கற்காத சிலதை அந்த வராண்டாக்களில் கற்றேன். இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

பெரியம்மா வெண்ணாற்றங்கரை ஊர்க்காரர். பன்னிரண்டு வயதில் நடவுக்கு இறங்கியவர். குறுவை, சம்பா, தாளடி என்று நாற்பது வருடங்களுக்கு மேல் சேற்றில் நின்றவர். நடவு நட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நாற்று முடியை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் மூன்று நான்கு நாற்றைப் பிரித்து, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து சேற்றில் அழுத்தி ஊன்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. களை பறிப்பதும் கருக்கரிவாளைப் பிடிப்பதும் அதே இரண்டு விரல்களால்தான். டெல்டாவின் நெல் அந்த இரண்டு விரல்களுக்கு இடையிலிருந்துதான் முளைக்கிறது.

ஒரு சித்திரை மாதம், உளுந்து அடிக்கிற மெஷினில் செடியைத் தள்ளிவிடும்போது அவருடைய வலது கை உள்ளே போய்விட்டது. கட்டைவிரல் போனது. ஆட்காட்டி விரல் மடங்காமல் நின்றுவிட்டது. மணிக்கட்டும் முன்போலத் திரும்பவில்லை. மெஷின்காரர் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஐயாயிரம் கொடுத்தார். அடுத்த சம்பா நடவுக்குப் பெரியம்மாவை யாரும் கூப்பிடவில்லை.

முகாமுக்கு அழைத்துப் போனேன். வரிசையில் மூன்று மணி நேரம் நின்றோம். மருத்துவர் கையைப் பார்த்தது ஒரு நிமிடம் இருக்கும். முப்பத்து நான்கு பர்சென்ட் என்று சொன்னார். நாற்பது இருந்தால்தான் உதவித்தொகை, போகலாம் என்றார் பக்கத்தில் இருந்தவர். “ஒரு கை நல்லாத்தானே இருக்கு. கூலி வேலைதானே, இன்னொரு கையால செய்யி” என்று ஓர் உபதேசமும் கிடைத்தது. சொன்ன பையனுக்கு என்னைவிட வயது குறைவு. பெரியம்மாவை அவன் ‘வா, போ’ என்றுதான் பேசினான். எங்கள் தெருப் பெயரைக் கேட்ட பிறகுதான் அப்படிப் பேச ஆரம்பித்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததும் நான் சொன்னது, “விட்டுருங்க பெரியம்மா, ஆறு பர்சென்ட்தான் கம்மி, என்ன பண்றது?” கணக்கில் குறைந்த மாணவனை ஆசிரியர் ஃபெயில் போட்டதுபோல அதை நான் எடுத்துக்கொண்டேன். பெரியம்மா கையைப் புடவைக்குள் மூடிக்கொண்டு கேட்டார். “ஏன் தம்பி, அவுரு எங் கைய எந்த வேலையோட வச்சு அளந்தாரு?”

ஆறு மாதம் கழித்துச் சட்டப் புத்தகத்தைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி என்று.

1968இல் ஒடிசாவின் ஜெய்ப்பூரில் ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தார் சீனிவாச சபதா என்ற தச்சர். விபத்தில் காயப்பட்டு அவருடைய இடது கை முழங்கைப் பக்கம் வெட்டி எடுக்கப்பட்டது. முதலாளி தரப்பு சொன்னது: ஒரு கைதான் போயிருக்கிறது, இது பகுதி ஊனம், அட்டவணைப்படி அதற்குரிய விழுக்காடு கொடுத்தால் போதும். உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் அதை ஏற்க மறுத்தது. அவர் தச்சர்; ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது; ஆகவே அவர் இழந்தது நூறு விழுக்காடு என்றது. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் சீனிவாச சபதா என்ற அந்த வழக்கு இன்றும் தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகளில் எடுத்துக்காட்டப்படுகிறது.

2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வாகன விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் விளக்கியது. உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. இடது கை போனால் ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடலாம். அதே கை போன அரசு எழுத்தர் தன் வேலையில் தொடரலாம். எனவே மருத்துவர் சொல்லும் விழுக்காட்டை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இவை இரண்டும் இழப்பீட்டு வழக்குகள். உதவித்தொகைக்கு இவை நேரடியாகப் பொருந்தாது. உதவித்தொகைக்கான சான்றிதழ் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வருவது. அங்கே 40 விழுக்காடு என்ற கோடு உண்டு. அது உடலை மட்டுமே அளக்கிறது. என் பேச்சின் மையமே இதுதான். ஒரே அரசின் சட்டங்களில் ஒன்று தச்சரைத் தச்சராகப் பார்க்கிறது. இன்னொன்று நடவுக்காரியை வெறும் கையாகப் பார்க்கிறது.

விரலுக்கு விலை போடுவது நமக்குப் புதிதல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். இரண்டு விரல்கள் போனால் 20 விழுக்காடு. மூன்று போனால் 30. நான்கு போனால் 50. கட்டைவிரல் முழுதாகப் போனால் 30. ஏகலைவன் கதையைத் தெரியாதவர்கள் இங்கே யாரும் இல்லை. துரோணர் கேட்டது வலது கட்டைவிரலை மட்டும்தான். அட்டவணைப்படி அவன் இழந்தது முப்பது விழுக்காடு. எழுபது விழுக்காடு வில்லாளியாக அவன் மிச்சமிருந்திருக்க வேண்டும். அப்படி மிச்சமிருக்க மாட்டான் என்று தெரிந்துதான் துரோணர் அந்த விரலைக் கேட்டார். துரோணருக்குத் தெரிந்தது நம் அளவுகோலுக்குத் தெரியவில்லை.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்கலாம். வெட்டுப்பட்டால் எல்லார் விரலும்தானே போகும்?

போகும். ஆனால் விரல் போன பிறகு என்ன மிச்சமிருக்கிறது என்பதைச் சாதி தீர்மானிக்கிறது. அதே விபத்து நிலக்காரருக்கு நடந்தால் அவருக்குக் குத்தகை வரும், கடை இருக்கும், மகனுக்கு வேலை இருக்கும். எங்கள் தெருவுக்கு உடம்பு ஒன்றுதான் சொத்து. இது தற்செயல் அல்ல. பண்ணையாளாக வைத்திருந்து, நிலம் சேராமல் பார்த்துக்கொண்டு, எழுத்து எட்டாமல் பார்த்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக ஒரே வேலையில் நிறுத்திவைத்த ஏற்பாடு. சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்தவே 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் இங்கே வந்து சங்கம் கட்ட வேண்டியிருந்தது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது.

ஓர் உடம்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அதன் இடத்தை வைத்து முடிவு செய்வது இந்த மண்ணில் பழைய பழக்கம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1973இல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. நிலமும் காரும் உள்ளவர்கள் நடந்துபோய்த் தாங்களே தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பில் எழுதப்பட்டிருந்ததை நாம் மறக்கவில்லை. பணக்காரரின் கால் நடக்காது என்று அன்று நம்பினார்கள். கூலிக்காரியின் கை எப்படியாவது வேலை செய்துவிடும் என்று இன்று நம்புகிறார்கள். கொலையையும் சான்றிதழையும் நான் சமமாக்கவில்லை. கண்ணோட்டம் ஒன்றுதான் என்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே 2.45. வேறுபாடு சிறியதாகத் தெரியலாம். ஆனால் எந்த வேலை யாருடைய தலையில் இருக்கிறது, காயம்பட்டால் யாருக்கு எவ்வளவு சீக்கிரம் வைத்தியம் கிடைக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

முதலில், எங்களிடம் மறுப்புக் கடிதமே இல்லை. வாயால் சொன்னார்கள், வந்துவிட்டோம். சட்டத்தின் 58ஆம் பிரிவு, சான்றிதழ் தர முடியாது என்றால் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. காரணத்தையும் எழுத்தில் சொல்ல 2017 விதிகள் ஒரு மாதம் கெடு வைத்தன. 2024 திருத்தத்தில் அந்தக் காலம் மூன்று மாதமானது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, மதிப்பீட்டுத் தாளின் நகலைக் கேட்டோம். வந்த தாளில் கட்டைவிரல் இருந்தது, ஆட்காட்டி விரல் இருந்தது. மணிக்கட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. பிடிப்பு வலுவைப் பற்றியும் இல்லை. கையை மதிப்பிடும்போது பிடிப்பு, உணர்ச்சி, வலு மூன்றையும் பார்க்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. அந்த ஒரு நிமிடத்தில் அவை எதையும் பார்த்திருக்க முடியாது.

இரண்டாவது, 59ஆம் பிரிவு. சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை எதிர்த்து, மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்குக் கால வரம்பு உண்டு. எனவே மறுப்பு கையில் வந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மனுவில் நாங்கள் இரக்கம் கேட்கவில்லை. எந்தெந்த அளவுகள் எடுக்கப்படவில்லை என்று வரிசையாக எழுதினோம். கூடவே, நடவு நடும்போது கை என்னென்ன செய்யும் என்று ஒரு பக்கம் எழுதி வைத்தோம். அந்தப் பக்கத்தைப் பெரியம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் ஆய்வேட்டில் உள்ள எந்தப் பக்கத்தையும்விட நல்ல பக்கம் அது.

மறுபடி அழைத்தார்கள். இந்த முறை கருவி வைத்து அளந்தார்கள். பென்சிலை எடுக்கச் சொன்னார்கள், சாவியைத் திருப்பச் சொன்னார்கள். முடிவு 46 விழுக்காடு. இரண்டு பரிசோதனைக்கும் இடையில் கை மாறவில்லை. பார்த்த விதம்தான் மாறியது.

அதோடு முடிந்ததா? அடுத்தது தாலுகா அலுவலகம். வருவாய்த் துறை வழியாக வரும் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். கைரேகை வைக்கும் இடத்தில், தலை நிமிராத எழுத்தர் “கட்டைவிரலை வையி” என்றார். பெரியம்மா கையை மேசைமேல் வைத்தார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆனாலும் மனு தள்ளுபடியானது. காரணம்: மகன் இருக்கிறான். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறான்; இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. காகிதத்தில் அவன் ‘ஆதரவு’. மறுபடி மேல்மனு, விசாரணை, கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை. இப்படி ஒன்பது மாதங்கள்.

இவ்வளவும் எத்தனை ரூபாய்க்காக? மாதம் 1,500. இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. சட்டத்தின் 24ஆம் பிரிவு, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2023இல் முதியோர் உதவித்தொகை 1,200 ஆனது. அதில் 25 விழுக்காட்டைக் கூட்டிப் பாருங்கள்: 1,500. சட்டம் சொன்ன குறைந்தபட்சம் எதுவோ அது, ஒரு ரூபாய்கூட மேலே இல்லை. ஆந்திராவில் 2024 முதல் 6,000 தருகிறார்கள். ஒன்றிய அரசு தன் பங்காக, அதுவும் 80 விழுக்காட்டுக்கு மேல் ஊனமும் வறுமைக்கோட்டுக்குக் கீழ் வாழ்வும் இருந்தால், 79 வயது வரையிலானவர்களுக்குத் தருவது மாதம் 300. 2012இல் வைத்த தொகை.

மறுப்பு என்பது இங்கே மட்டும் நடப்பதல்ல. பிரிட்டனில் ஊனமுற்றோருக்கான பிஐபி என்ற உதவித்தொகை மறுக்கப்பட்டு, தீர்ப்பாயத்தில் விசாரணை வரை போன முறையீடுகளில் பாதிக்கு மேல் மனுதாரர் பக்கமே முடிந்திருக்கின்றன. கென் லோச் 2016இல் எடுத்த ‘ஐ, டேனியல் பிளேக்’ படத்தின் நாயகன், நெஞ்சுவலி வந்து வேலை செய்ய முடியாமல் போன ஒரு தச்சர். மருத்துவர் வேலைக்குப் போகக் கூடாது என்கிறார். அலுவலகம் போகலாம் என்கிறது. முதல் மறுப்பு பல நேரங்களில் தவறாக இருக்கிறது என்பதுதான் இதிலிருந்து தெரிவது. எதிர்த்துப் போகிறவர்கள் குறைவு என்பதால்தான் அந்தத் தவறு நிலைத்து நிற்கிறது.

நம் தோழர்கள் இரண்டு ஆட்சேபங்களைச் சொல்வார்கள்.

ஒன்று, இது மனுக் கொடுக்கும் அரசியல், சலுகை கேட்கும் அரசியல் என்பது. நானும் அப்படி நினைத்தவன்தான். ஆனால் மறுப்பை எழுத்தில் கேட்பது சலுகை கேட்பதாகாது. ‘ஏன்’ என்று கேட்பது அது. எங்கள் தெருக்காரர்கள் ஓர் அலுவலக மேசைக்கு முன்னால் நின்று ‘ஏன்’ என்று கேட்பதைத்தான் இந்த ஊர் இத்தனை காலம் தடுத்து வைத்திருந்தது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. நடவு நட முடியாததால் இவர் நூறு விழுக்காடு முடங்கியவர் என்று வாதாடினால், நடவு தவிர இவருக்கு வேறு வேலை இல்லை என்று நாமே ஒத்துக்கொள்வதாகாதா? சாதி கொடுத்த வேலையையே அவருடைய அடையாளமாக்குவதாகாதா? இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் பெண்கள் எப்போதும் சேற்றில் நிற்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போக வேண்டும், போகிறது. ஆனால் ஐம்பத்தைந்து வயதில், எழுதப் படிக்கத் தெரியாமல் வைக்கப்பட்ட ஒருவரிடம் ‘வேறு வேலை பார்’ என்று சொல்லும் உரிமை, அந்த வேறு வேலைகளின் கதவை நாற்பது வருடம் சாத்தி வைத்திருந்த சமூகத்துக்குக் கிடையாது. அந்தக் கடனை ஒத்துக்கொள் என்றுதான் கேட்கிறோம்.

40 என்ற கோட்டை அசைக்க முடியாது என்றும் நினைக்காதீர்கள். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் எதிர் ஒன்றியப் பணியாளர் தேர்வாணையம் வழக்கில், தேர்வில் எழுத்தரை வைத்துக்கொள்ளும் உரிமையை 40 விழுக்காட்டுக்குக் கீழே உள்ளவருக்கு மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தேர்வு பற்றிய வழக்கு, உதவித்தொகை பற்றியதல்ல. ஆனால் ஒரு கோட்டைக் கேள்வி கேட்கலாம் என்பதற்கு அது சாட்சி. உடம்போடு சேர்த்து, செய்துவந்த வேலையையும் அளக்க வேண்டும் என்பதை நாம் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

இங்கிருந்து போகும்போது சிலவற்றை நினைவில் வையுங்கள். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். மதிப்பீட்டுத் தாளின் நகலை வாங்குங்கள். செய்துவந்த வேலையை விவரமாக எழுதிச் சேருங்கள். சான்றிதழில் நியாயம் கிடைக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். 2016 சட்டப்படி, புகார்களை விசாரிக்கும்போது அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவச வழக்கறிஞர் கேட்கும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டால் சொல்வார்கள்.

எந்திரத்தில் அடிபட்டால் உடனே இழப்பீட்டுக்கும் மனுப் போடுங்கள். எந்திரம் வைத்துச் செய்யும் பண்ணைவேலையும் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் கோர வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. எங்களுக்கு அது தெரிந்தபோது மூன்றாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. அந்த ஐயாயிரத்தோடு மெஷின்காரர் தப்பித்ததற்கு எங்கள் அறியாமையும் ஒரு காரணம். சீனிவாச சபதாவுக்குக் கிடைத்த நியாயம் பெரியம்மாவுக்குக் கிடைக்காமல் போனது அங்கேதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாகப் போகாதீர்கள். நான் கூட நின்றதால்தான், பல்கலைக்கழக அடையாள அட்டை கழுத்தில் தொங்கியதால்தான் சில மேசைகளில் ‘உட்காருங்கள்’ என்றார்கள். அதே வரிசையில் முப்பத்தொன்று, முப்பத்தாறு, முப்பத்தொன்பது என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்தேன். அவர்களோடு ஆராய்ச்சி மாணவர் யாரும் வரவில்லை. ஒரு கிராமத்துக்கு இரண்டு இளைஞர்கள் இந்த வேலையை எடுத்துக்கொண்டால் போதும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஒருவராகப் போகாமல் இருபது பேராகப் போகலாம்.

போன மாதம் பெரியம்மாவின் வங்கிக் கணக்கில் முதல் 1,500 ஏறியது. செய்தியைச் சொல்ல ஓடினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு கேட்டார்:

“சரி தம்பி. போன மூணு வருசத்துக்கு உள்ளத யாரு குடுப்பா?”

என்னிடம் பதில் இல்லை. அடுத்த மனுவை எழுத ஆரம்பித்திருக்கிறேன்.